பாதபடி முதல் குளறுபடி வரை: ஒரு சொல்லின் பயணம்



இரைச்சலும் ஒழுங்கின்மையும் நிறைந்த இடத்தைக் கண்டால், "சந்தைக்கடை போல் இருக்கிறதே" என்று சொல்வது நம் வழக்கம். தொப்பம்பட்டி வட்டாரத்தில் வாழும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் ஆரவாரம் நீங்கள் அறிந்ததே. ஆங்கிலம் பேசுவோரும் இதே பொருளில் ஒரு கடைவீதியின் பெயரையே வழங்குகிறார்கள். ‘ஷாம்பிள்ஸ்’ என்பது அச்சொல். பொருள்கள் சிதறிக் கிடக்கும் அறை, கணக்குவழக்கற்ற அலுவலகம், திட்டமின்றி நடந்த கூட்டம் ஆகிய யாவற்றையும் அவர்கள் அப்படி அழைப்பார்கள். ஆனால் அந்தக் கடைவீதியில் விற்கப்பட்டது காய்கறி அன்று, இறைச்சி. அச்சொல்லின் வரலாற்றை இவ்வாரம் சிந்திப்போம். நம் வேதாகமத்தோடும் அதற்கு உறவு உண்டு.

லத்தீன் மொழியில் ‘ஸ்காம்னும்’ என்றால் உட்காரும் விசிப்பலகை. சிறு பலகையைக் குறித்த அதன் குறுகிய வடிவம் பழைய ஆங்கிலத்தில் புகுந்து, முக்காலிக்கும் கால் வைக்கும் பாதபடிக்கும் பெயராயிற்று. ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பாகிய ‘ஷேமல்’ இன்றும் அப்பொருளிலேயே நிற்கிறது. 110-ஆம் சங்கீதத்தில் நாம் ‘பாதபடி’ என்று வாசிக்கும் இடத்தில் லூத்தரின் வேதாகமம் வழங்குவது அச்சொல்லையே. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தம் தாய்மொழி வேதாகமத்தில் வாசித்ததும் அதுவே.

இங்கிலாந்தில் அச்சொல் வேறு வழியில் நடந்தது. உட்காரும் பலகை, பொருள்களைப் பரப்பி விற்கும் பலகையாயிற்று. 14-ஆம் நூற்றாண்டளவில் அது இறைச்சி விற்கும் பலகையைக் குறித்தது. பின்னர் அத்தகைய கடைகள் நிறைந்த வீதியைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஆடுமாடுகளை வெட்டும் இடத்துக்கே பெயராயிற்று. யார்க் நகரில் ‘ஷாம்பிள்ஸ்’ என்னும் குறுகிய வீதி இன்றும் உண்டு. 1872-இல்கூட அங்கே 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. இறைச்சியைத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளையும் பரப்பி வைத்த அகன்ற சன்னல் பலகைகளையும் இப்போதும் காணலாம்.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் ஆங்கில வேதாகமத்திலும் இச்சொல் இடம்பெற்றது. 1 கொரிந்தியர் 10:25-இல், விற்கப்படும் இறைச்சியை மனச்சாட்சியினிமித்தம் விசாரிக்காமல் உண்ணலாம் என்று பவுல் அனுமதிக்கிறார். அங்கே மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ‘மாகெல்லோன்’. இறைச்சியும் மீனும் விற்கும் அங்காடி என்பது அதன் பொருள். அதன் லத்தீன் வடிவம் கொரிந்துவில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளிலும் காணப்படுகிறது. ஜேம்ஸ் மன்னரின் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு ‘ஷாம்பிள்ஸ்’ என்று எழுதினார்கள்; நம் தமிழ் வேதாகமத்தில் ‘கடை’ என்று இருக்கிறது. இன்றைய ஆங்கில வாசகர் ஒருவர் பழைய மொழிபெயர்ப்பைத் திறந்தால், குளறுபடியில் எதை விற்பார்கள் என்று திகைக்கக்கூடும்.

வெட்டுமிடத்தைக் குறித்த சொல், அடுத்ததாக மனிதர் வெட்டுண்டு கிடக்கும் இடத்தையும் குறித்தது. 1590-களில் ஷேக்ஸ்பியர் இயற்றிய ‘ஆறாம் ஹென்றி’ மூன்றாம் பாகத்தில், பாராளுமன்ற மண்டபத்தை இரத்தக்களமாக்க மனமில்லை என்று மன்னர் சொல்லும் இடத்தில் இச்சொல்லே வருகிறது. 20-ஆம் நூற்றாண்டில் இதன் கொடுமை தணிந்து, வெறும் அலங்கோலம் என்ற பொருள் நிலைபெற்றது. 2012-இல், லண்டன் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் அரசின் வரவுசெலவுத் திட்டத்தை ‘ஆம்னிஷாம்பிள்ஸ்’, அதாவது எல்லாப் பக்கமும் குளறுபடி, என்று சாடினார். அவ்வாண்டே ஆக்ஸ்போர்டு அகராதியினர் அதைப் பிரிட்டனின் ஆண்டுச் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். பாராளுமன்றத்தைப் பற்றியே பேசும்போதும், முன்பு இரத்தத்தைக் குறித்த சொல் இப்போது கணக்குப் பிழையைக் குறித்தது.

சொற்கள் பொருள் மாறுவது குற்றமன்று. எல்லா மொழிகளுக்கும் அது இயல்பு. ஆனால் பிரியமானவர்களே, சொல்லிலிருந்து இரத்தக் கறை மறைவது போல, நம் பார்வையிலிருந்து காயப்பட்ட மனிதர் மறைந்துபோவது உண்டு. ஒரு விதவைத் தாயின் உதவித்தொகை மூன்று மாதம் வராமல் நின்றால், "பட்டியலில் சிறு குளறுபடி" என்கிறோம். சபை விருந்தில் கடைசிப் பந்திக்குச் சோறு எட்டாமற்போனால், "ஏற்பாடு சரியில்லை" என்கிறோம். இரண்டும் உண்மையே. ஆயினும் அந்தத் தாய் அம்மூன்று மாதமும் எதை உண்டார் என்பதை அச்சொற்கள் சொல்வதில்லை. கடைசிப் பந்தியில் காத்திருந்தவர் யார் என்பதையும் அவை சொல்வதில்லை.

கொரிந்து சபையிலும் இப்படிப்பட்ட ஒழுங்கின்மை இருந்தது. அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடிவந்தவர்களில் சிலர் மற்றவர்களுக்கு முந்தித் தங்கள் உணவை உண்டார்கள்; ஒருவர் பசியாயிருக்க, இன்னொருவர் வெறித்திருந்தார். பந்தி முறையாக நடைபெறவில்லை என்று மட்டும் பவுல் எழுதியிருக்கலாம். அவரோ, இல்லாதவர்களை நீங்கள் வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அலங்கோலத்துக்குள்ளே அவமானப்பட்ட ஏழையை அவர் கண்டார். ஆகவே அவர் கொடுத்த திருத்தமும் மிக எளியது: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

இறைச்சிக் கடையைப் பற்றிய போதனையிலும் இதே மனம் விளங்குகிறது. வாங்கி உண்ண உனக்கு உரிமை உண்டு. ஆனால் அது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், அவனுடைய மனச்சாட்சியின்பொருட்டு உண்ணாதே என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, அருகில் இருப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதையும் அவர் பார்க்கிறார்.

இவ்வாரம் உங்கள் வீட்டிலோ, பணியிடத்திலோ, சபையிலோ "குளறுபடி" என்ற சொல் உங்கள் நாவில் வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். இதனால் யாருடைய இலை காலியாயிற்று, யாருடைய தலை குனிந்தது என்று விசாரியுங்கள். ஏடுகளையும் பட்டியல்களையும் பிறகு சீர்செய்யலாம். முதலில் அந்த மனிதரிடம் செல்லுங்கள். கர்த்தர் தாமே அதற்கான கண்களையும் கால்களையும் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.