கிள்ளான் கடைத்தெருவும் தோட்டத் தமிழரும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆவணக் காப்பகங்களில் மட்டுமன்றி, அது நடந்து பழகிய தெருக்களிலும் தேடலாம். மலேசியத் தமிழர் வரலாற்றாய்வில் தோட்டங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் பெற்ற கவனத்தைக் கடைத்தெருக்கள் பெற்றதில்லை. இக்குறையைக் கருத்திற்கொண்டு, துறைமுக நகராகிய கிள்ளானின் தெங்கு கிளானா சாலையை நடந்து கண்டு இங்கு ஆராய்கிறோம்.

நம் நடை இரயில் நிலையத்தில் தொடங்குகிறது. கோலாலம்பூரிலிருந்து 1886இல் போடப்பட்ட இருப்புப்பாதை முதலில் ஆற்றின் மறுகரையிலுள்ள புக்கிட் கூடாவில் முடிந்தது. 1890இல் பாலம் அமைந்த பின்னரே அது கிள்ளானை எட்டியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழர் திரள்திரளாக வந்தனர். நிலையச் சாலையில் நிற்கும் 1909ஆம் ஆண்டின் சுல்தான் சுலைமான் கட்டடம் ஆங்கிலேயர் நிர்வாகத்தின் சான்று. இன்று அது அரச அரும்பொருளகமாக விளங்குகிறது.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் தெங்கு கிளானா சாலை. அஞ்சடி எனத் தமிழர் வழங்கும் கடைமுன் நடைபாதையில் மல்லிகைச் சரமும் மசாலை மணமும் நம்மை எதிர்கொள்கின்றன. புடவைக் கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, வாழையிலை உணவகம் என வரிசை நீள்கிறது. இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் லூர்து அன்னை தேவாலயமும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. ஆகவே, இதனை ஒரு சமயத்தார் தெருவாகக் கருதுதல் பொருந்தாது.

இத்தெருவின் பொருளை உணரத் தோட்ட வாழ்வை நினைவுகூர வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊதிய உயர்வோடு வேறு சில கோரிக்கைகளையும் முன்வைத்தனர். துரையைக் கண்டால் மிதிவண்டியைவிட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் நீங்கவேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும், உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துசெல்ல வேண்டும் என்பன அவற்றுட் சில. தலைவர் ஆர். எச். நாதன் கைதானதும் போராட்டம் முற்றியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று, மதிப்பும் ஆகும். தோட்டத்தில் ஏவலுக்குக் கட்டுப்பட்டவர், கடைத்தெருவில் பொருளைத் தேர்ந்து, விலைபேசி, விரும்பாவிடில் அடுத்த கடைக்குச் செல்லும் உரிமையுடையவரானார். இத்தெருவின் வரலாற்றுச் சிறப்பு இதுவே என்பது நம் கருத்து.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், செங்கற்சூளைகளாலும் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளாலும் உருவான பகுதி. 2010இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் பங்கேற்ற விழாவில் அது ‘லிட்டில் இந்தியா’வாக அறிவிக்கப்பட்டது. அங்கு வளைவுகளும் வண்ணங்களும் அரசுத் திட்டத்தால் வந்தன. கிள்ளான் தெருவையோ வாங்குவோரின் வருகையே வளர்த்தது.

அவ்வாறு வளர்த்த தோட்டங்கள் பல இன்றில்லை. புக்கிட் ராஜாவைப் போல் அவை வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. தோட்டம் மறைந்தபோது லயமும் கோயிலும் உடன் மறைந்த இடங்கள் உண்டு. கடைத்தெரு மட்டும் நிலைத்தது. சிதறிய குடும்பங்கள் தீபாவளிக்கும் திருமணத்திற்கும் இங்கேயே மீண்டும் கூடுகின்றன.

எனினும் பழைய கணக்கேடுகளும் பெயர்ப்பலகைகளும் முதிய வணிகரின் நினைவுகளும் நாளுக்குநாள் அழிகின்றன. தமிழாசிரியர்கள் தம் மாணவரை ஒருநாள் இத்தெருவில் நடத்தி அழைத்துச்சென்று, கண்டதையும் கேட்டதையும் எழுதச் செய்வாராயின், எழுதப்படாத தோட்ட வரலாற்றின் ஒரு பகுதியேனும் எஞ்சும்.