விடையும் வழியும்

புதிர்க் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மேடும் பள்ளமுமாக நாள் முழுக்க நடப்பது இங்கிலாந்தில் ஒரு பொழுதுபோக்கு. பொழுதுபோக்குகளுக்குச் சரித்திரம் உண்டென்று நாம் சாதாரணமாக ஒப்புக்கொள்வதில்லை. யுத்தங்களுக்கும் வம்சங்களுக்கும்தான் சரித்திரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டோம். ஆனால் மனிதர்கள் எதை அர்த்தம் என்று கொள்கிறார்கள், அதை எங்கே தேடுகிறார்கள் என்பதை அவர்களுடைய விளையாட்டுகளும் காட்டிக்கொடுக்கின்றன. இந்த நடை-புதிரின் சரித்திரம், கவிதை படிக்கிறவர்களுக்கும் சம்பந்தமுள்ள ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கிறது டார்ட்மூர். மரங்கள் அருகிய மேட்டு நிலம். கால் புதையும் ஈரக் கரிமண். இடையிடையே ‘டார்’ என்று அவர்கள் சொல்லும் கருங்கல் குன்றுகள். அதன் வடபகுதியில் கிரான்மியர் பூல் என்று ஓர் இடம். குளம் பெயரில்தான் இருக்கிறது. இடத்தில் இருப்பது வெறும் பள்ளம். ஓக்ஹாம்ப்டன் ஊரின் மேயராக இருந்த பெஞ்சமின் கேயர் என்பவரின் ஆவிக்கு, சல்லடையால் இந்தக் குளத்தை இறைத்துத் தீர்க்கும்படி தண்டனை விதிக்கப்பட்டதாம். ஆவி ஓர் ஆட்டுத்தோலைச் சல்லடைக்குள் விரித்து இறைத்து முடித்துவிட்டது என்பது கதை. புதிருக்கும் இந்த இடத்துக்கும் உள்ள உறவு பழையது.

1854இல் சாக்ஃபோர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியரில் ஒரு பாட்டிலை வைத்தார். அவர் அழைத்துவரும் கனவான்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சேருவதே ஒரு நாள் பாடு. பெயரட்டை அதற்குச் சாட்சி. பின்னால் ஒரு வழக்கம் வந்தது. வருகிறவர் தனக்கே முகவரியிட்ட தபாலை விட்டுவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தன் ஊர்த் தபாலில் சேர்ப்பார். முன்பின் தெரியாத ஒருவர் எப்போது அந்தச் சேற்றைக் கடந்து வந்தார் என்பது கடிதம் வீடு வந்து சேரும்போது தெரியும். இதனால்தான் ‘தபால் பெட்டி’ என்ற பெயர். 1905இல் வருகைப் பதிவேடும், 1937இல் கல்லால் கட்டிய நிரந்தரப் பெட்டியும் வந்தன. டார்ட்மூருக்கு 1909இல் விரிவான வழிகாட்டி நூல் எழுதிய வில்லியம் கிராஸிங்கின் நினைவாக 1938இல் டக்ஸ் பூலில் இன்னொரு பெட்டி வைத்தார்கள்.

இந்த நூற்றாண்டுக் காலமும் பெட்டி இருக்கும் இடம் ரகசியமாக இருந்ததில்லை. கடினம் முழுவதும் நிலத்தில்தான் இருந்தது. 1970களின் நடுவில் கதை மாறுகிறது. பதினைந்து பெட்டிகளைக் குறித்த ஒரு வரைபடம் 1976இல் வெளிவந்தபின் பெட்டிகள் நூறாகி ஆயிரமாயின. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்பு; கண்டுபிடித்தவர் அதைத் தன் நோட்டில் பதித்துக்கொள்வார். பெட்டிகள் பாறை இடுக்குகளுக்குள் மறைந்தன. இடம் குறிப்புகளாயிற்று: எந்தக் குன்றிலிருந்து திசைகாட்டியின் எத்தனையாவது பாகையில், எத்தனை அடி தூரத்தில் என்று சில, சொற்சிலம்பமாகச் சில. காரணம் யோசித்தால் புரிகிறது. மோட்டார் காரும், ராணுவம் தன் பயிற்சிக்காகப் போட்ட பாதைகளும் மேட்டு நிலத்தை எட்டும் தூரத்தில் கொண்டுவந்துவிட்டன. நிலம் எளிதானதும் கஷ்டத்தைச் சொல்லில் உற்பத்தி செய்யவேண்டி வந்தது.

சொல்லில் கஷ்டத்தை உற்பத்தி செய்யும் கலை அதற்குள் அங்கே நன்றாக வளர்ந்திருந்தது. குறுக்கெழுத்துப் புதிர் 1913இல் நியூயார்க்கில் ஒரு தினசரியில் பிறந்தது. அதை முழுக்க மறைபொருள் கலையாக்கியவர் 1926 முதல் ‘அப்சர்வர்’ பத்திரிகையில் டார்க்விமாடா என்ற பெயரில் புதிர் அமைத்த எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ். ஸ்பானிய மதவிசாரணைத் தலைவனின் பெயரை அவர் சூட்டிக்கொண்டது வாசகர்களை வதைக்கிறோம் என்ற குறும்பினால். இவர் ஒரு கவிஞர். பதினோராம் நூற்றாண்டுக் காஷ்மீரக் கவி பில்ஹணரின் ‘சௌரபஞ்சாசிகா’வை ‘பிளாக் மேரிகோல்ட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சுதந்திரமாகத் தழுவியவர். பின்னாளில் ஸ்டைன்பெக் தன் ‘கேனரி ரோ’ நாவலில் அந்தத் தழுவலிலிருந்து வரிகளை எடுத்தாண்டார். பில்ஹணரைத் தழுவிய கை 1939இல் ஓயும்வரை புதிர்க் கட்டங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின் வந்த ஸிமெனிஸ், அதாவது டி. எஸ். மக்நட், 1966இல் நூலாகவே விதிகளை எழுதினார். சாரம் இது: குறிப்பு படிப்பவனைத் திசை திருப்பலாம், ஆனால் சொல்லிலக்கணப்படி விடையை நேர்மையாகச் சொல்லியிருக்கவேண்டும்.

நம் மொழியிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ‘முன்பாதி மூழ்கிய கப்பல், மிச்சம் வாய்க்குள்.’ ஒரு கழிமுகம், சாய்ந்த கப்பல், கரையில் கூட்டம் எல்லாம் மனசில் வருகின்றன. விடை ‘பல்’. விடை தெரிந்த கணத்தில் கப்பல் போய்விடுகிறது. யாரும் அதற்காக வருந்துவதில்லை. குறுக்கெழுத்துக் குறிப்பில் காட்சி என்பது தோல், உரித்ததும் எறிந்துவிடலாம்.

இந்த இரண்டு மரபுகளும், அதாவது நிலத்தைக் கடப்பதும் சொல்லை உடைப்பதும், ஒரே புத்தகத்தில் மோதிக்கொண்டன. ஓவியர் கிட் வில்லியம்ஸின் ‘மாஸ்கரேட்’ 1979இல் ஜொனாதன் கேப் பிரசுரமாக வந்தது. பதினைந்து ஓவியங்கள், ஒரு சிறுவர் கதை. உள்ளே ஒரு புதிர். பதினெட்டுக் காரட் பொன்னால் வில்லியம்ஸே செய்த முயல் ஆபரணம், உலோகத்தைக் கண்டறியும் கருவிக்குச் சிக்காதபடி மண் பேழையில் வைத்து, பிரிட்டனில் எங்கோ புதைக்கப்பட்டிருந்தது. புதைத்ததற்குச் சாட்சி பாம்பர் கேஸ்காய்ன். கண்டுபிடிப்பவருக்கு முயல் சொந்தம்.

புதிரின் சூத்திரம் எளிமையானது. ஓவியத்திலுள்ள உயிர்களின் கண்ணிலிருந்து நீண்ட விரல் வழியாகக் கோடு இழுத்தால் அது ஓரத்து எழுத்தைத் தொடும். எழுத்துகளைச் சேர்த்தால் வாக்கியம். அதன்படி பெட்ஃபோர்ட்ஷயரில் ஆம்ப்ட்ஹில் பூங்காவிலுள்ள ஒரு நினைவுச் சிலுவையின் நிழல், பகலும் இரவும் சமமாகும் நாளின் நண்பகலில் எங்கே முடிகிறதோ அங்கே முயல். ஓவியங்களை ஜனங்கள் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் பிறந்த ஏற்பாடு இது.

நிதானமாகத்தான் பார்த்தார்கள். விளைவு வேறாக இருந்தது. குறுக்கெழுத்தைப்போல் இதற்குச் சதுரக் கட்டம் கிடையாது. தப்பான விடையை மறுக்கும் பக்கத்துக் கட்டம் இல்லை. அதனால் எதுவும் எதற்கும் அடையாளமாகலாம். முயல் என்ற சொல் பெயரிலேயே இருந்த குற்றத்துக்காக கிளாஸ்டர்ஷயரின் ஹேர்ஸ்ஃபீல்ட் பீக்கன் குன்றைத் தோண்டிக் குவித்தார்கள். அந்தப் பக்கம் முயல் இல்லை என்று அறிவிக்கும் பலகைக்கு வில்லியம்ஸ் தன் கைக்காசைக் கொடுக்கவேண்டியதாயிற்று. வந்து குவிந்த கடிதங்களைப் பற்றி கேஸ்காய்ன் 1983இல் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொருவரும் தன் விடையே சரி என்பதில் சந்தேகமற்று இருந்தார்கள். எதிரான சான்றையும் ஆதரவான சான்றாக மாற்றும் திறமை அவர்களிடம் இருந்தது.

முடிவு இன்னும் கசப்பானது. 1982இல் கென் தாமஸ் என்ற பெயரில் ஒருவர் ஒரு வரைபடம் அனுப்பி முயலைத் தோண்டி எடுத்துக்கொண்டார். புதிரை முறையாக விடுவித்த இரண்டு பௌதிக ஆசிரியர்களின் கடிதம் அதற்குச் சற்றுப் பின்னால் வந்தது. அவர்கள் தோண்டியபோதே பேழை மண்ணோடு மண்ணாக வெளியே வந்து, கண்ணில் படாமல் போயிருக்கவேண்டும் என்று பின்னர் ஊகித்தார்கள். அந்தப் பெயரே புனைபெயர் என்பதையும், வில்லியம்ஸின் பழைய சிநேகிதி மூலமாக இடம் பற்றிய துப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் 1988 டிசம்பரில் ‘சண்டே டைம்ஸ்’ அம்பலப்படுத்தியது. அதே மாதம் முயல் ஏலத்தில் 31,900 பவுனுக்குப் போயிற்று. புத்தகத்தைப் படிக்காமலே விடையை அடைய முடிந்தது என்றால், படிப்பு அங்கே எவ்வளவு அநாவசியமாக இருந்திருக்கிறது!

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அந்தச் சிலுவை யாருடையது? எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த ராணி, ஆரகானின் கேதரின், 1531 முதல் 1533 வரை ஆம்ப்ட்ஹில் மாளிகையில் வைக்கப்பட்டிருந்தாள். பக்கத்து டன்ஸ்டபிளில் நடந்த விசாரணைக்கு வர மறுத்தாள். வராமலே அவள் திருமணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 1773இல் அங்கே சிலுவை நட்டார்கள். புதிரின் வாக்கியத்தில் கேதரினின் பெயர் இருக்கிறது. ஆனால் விடை தேடியவனுக்கு அவள் நிழல் விழுவதற்கு ஒரு கம்பம். அவமானப்பட்டும் பணியாத ஒரு ஸ்திரீ வசித்த மண், மண்வெட்டி வைக்கவேண்டிய ஒரு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. கப்பல் மறைந்து பல் மிஞ்சிய கதைதான். ஆனால் இந்தக் கப்பல் நிஜமாக இருந்தது.

டார்ட்மூர்க்காரர்களின் ஏற்பாட்டில் இந்த நஷ்டம் இல்லை. அவர்களுடைய குறிப்பும் தந்திரமானதுதான். ஆனால் அதை விடுவித்துப் போனால் கிடைப்பது ஒரு ரப்பர் முத்திரை. அதற்குக் கடையில் விலை கிடையாது. வேறொருவர் ரகசியமாகச் சொல்லித் திருடவும் அதில் ஒன்றுமில்லை. பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். விடை தெரிந்தபின்னும் குன்று இருக்கிறது, மழை இருக்கிறது, கால் புதைகிறது. குறிப்பு உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

புதுக்கவிதையைப் பற்றி ‘புரியவில்லை’ என்று சொல்கிறவர்களும், அதற்குப் பதிலாகக் கவிதையை அவிழ்த்துக் காட்டும் விமர்சகர்களும் ஒரே நம்பிக்கை உடையவர்கள். கவிதைக்குள் ஒரு முயல் புதைந்திருக்கிறது என்பது அந்த நம்பிக்கை. ஒருவர் கிடைக்கவில்லை என்று கோபிக்கிறார். மற்றவர் எடுத்துக் கையில் கொடுக்கிறார். கொடுத்ததும் கவிதை தோண்டிய குழியாகிறது. கவிதையில் கடினம் இருக்கலாம், சில சமயம் இருந்தே தீரவேண்டும். ஆனால் அது பெரட் பாட்டில் வைத்த இடத்தின் கடினமாக இருக்கவேண்டும். அங்கே எல்லோருக்கும் இடம் தெரியும். போனவர்களின் பெயரும் உள்ளே இருக்கிறது. இருந்தும் ஒவ்வொருவரும் தன் காலால்தான் போகவேண்டியிருந்தது. விமர்சகன் செய்யக்கூடிய காரியம், முன்னால் போனவன் விட்டுவைத்த கடிதத்தை எடுத்து வந்து தபாலில் சேர்ப்பது.