கான்ஃபூ துறைமுகத்தின் கடன் சீட்டுகள்

சீனாவிலிருந்து சரக்கு வாங்கும் நம் வணிகர்கள் சிலர், "பேசியது ஒன்று, வந்தது வேறு" என வருந்துவதுண்டு. அங்குள்ள வணிகர் பலருக்கு ஒப்பந்தம் என்பது உறவின் தொடக்கம். நிலைமை மாறினால் மீண்டும் பேசலாம் என்பது அவர்கள் வழக்கம். நமக்கோ கையொப்பமே முடிவு. இத்தகைய வேறுபாட்டை முஸ்லிம் வணிகர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துள்ளனர்.

பாரசீக வளைகுடாவின் சீராஃப் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள், இன்று குவாங்சௌ எனப்படும் கான்ஃபூவை அடைந்தன. அப்பயணங்களைப் பற்றி ஹிஜ்ரி 237இல் (கி.பி. 851) அரபு நூலொன்று தொகுக்கப்பட்டது. சுலைமான் என்னும் வணிகரின் பெயர் அதனுடன் இணைத்துச் சொல்லப்படுகிறது. சீனர்களின் கடன் முறையை அந்நூல் விவரிக்கிறது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஆளுக்கொரு சீட்டு எழுதுவர். வாங்கியவர் தம் சீட்டில் விரல் அடையாளம் இடுவார். இரண்டையும் சேர்த்து மடித்து, இணையும் இடத்தில் எழுதியபின் பிரிப்பர். கடனைப் பொய்யாக மறுத்தவருக்கு அடியும் அபராதமும் உண்டு.

கடனை எழுதிவைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. முறைகள் வேறாயினும் நோக்கம் ஒன்றே. ஷரீஅத்துக்கு முரணாகாத வணிக வழக்கத்தை நம் ஃபிக்ஹு அறிஞர்களும் கருத்தில் கொண்டுள்ளனர்.

பத்தாம் நூற்றாண்டில் அந்நூலுக்குத் தொடர்ச்சி எழுதிய அபூ ஸைத் அஸ்ஸீராஃபி, குராசான் வணிகர் ஒருவரின் வழக்கைக் குறிப்பிடுகிறார். விலையில் பிணக்கு ஏற்பட்டபோது, அரசரின் அதிகாரி அவருடைய சிறந்த சரக்குகளைப் பறித்துக்கொண்டார். வணிகர் தலைநகர் சென்று முறையிட்டார். அரசர் பலரிடம் தனித்தனியே விசாரித்து உண்மையறிந்து, அந்த அதிகாரியைப் பதவி நீக்கி, அரச கல்லறைகளுக்குக் காவலராக்கினார்.

இந்நீதி நிலைக்கவில்லை. கி.பி. 879 அளவில் ஹுவாங் சாவின் கிளர்ச்சிப் படை கான்ஃபூவைச் சூறையாடியது. அதன்பின் வணிகர்கள்மீது முன்பில்லாத சுமைகள் ஏற்றப்பட்டன. அவர்களின் பொருள்கள் பறிக்கப்பட்டன. சீராஃபின் கப்பல்கள் சீனா செல்வது நின்றது. கொடுத்த வாக்கு முறிந்ததும் வணிகத்தின் பரக்கத்தும் நீங்கிற்று என்பதே நாம் பெறும் பாடம்.

ஆகவே, சீன வணிகருடன் பேசும்போது தரம், அளவு, நாள், குறையிருந்தால் யார் பொறுப்பு ஆகிய அனைத்தையும் இரு மொழியிலும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் வழக்கத்தை முன்கூட்டியே கேட்டறியுங்கள். எழுதிக் கேட்பது அவநம்பிக்கை அன்று. இரு தரப்பின் அமானிதத்தையும் காக்கும் வழி. நாம் கொடுத்த வாக்கையும் அவ்வாறே நிறைவேற்றுவோம். அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக!