ஏட்டில் கண்ட நேற்றும் பாட்டில் கண்ட நாளையும்

வாழ்வு நிலைகுலையும் காலங்களில்தான் ஒரு சமூகம் தன் நேற்றைத் தேடுகிறது. தேடிக் கண்ட நேற்றின் சாயலிலேயே தன் நாளையையும் வரைந்துகொள்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதித் தமிழகம் இதற்குத் தக்க சான்றாகும்.

1856ஆம் ஆண்டில் சென்னை இராயபுரத்திலிருந்து தென்னகத்தின் முதற் பயணிகள் புகைவண்டி புறப்பட்டது. அவ்வாண்டிலேயே கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும் வெளிவந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1876–78இல் பெரும்பஞ்சம் ஊர்களை வெறுமையாக்கியது. பழைய வாழ்வு கண்ணெதிரே கலைந்த அவ்வேளையில், ‘நாம் யார்?’ என்னும் வினா எழுந்தது இயல்பே.

அவ்வினாவுக்கு விடைகள் பலவாறு பிறந்தன. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி குறித்துக் கேட்ட கேள்வி, உ.வே. சாமிநாதையரைப் பழைய ஏடுகளின்பால் திருப்பியது. சிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் 1887இல் வந்ததே. செல்லரித்த சுவடிகளினின்று ஒரு பெருமிதம் எழுந்தது.

ஆயின், அப்பெருமிதத்தில் அனைவர்க்கும் இடம் இருந்ததா? 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் இவ்வினாவையே எழுப்பியது. ஒடுக்கப்பட்டோர் பூர்வ பௌத்தர். சாதி இடையில் வந்து சேர்ந்த இழிவு என்றார் அவர். அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் சில இன்று ஏற்கப்படாமற் போகலாம். எனினும், கடந்தகாலத்தில் இடம் மறுக்கப்பட்டவர்க்கு எதிர்காலத்திலும் இடம் மறுக்கப்படும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

பாரதியோ வருங்காலத்தையே நிகழ்காலமாகக் கண்டார். 1921இல் மறைந்த அவர், 1947இல் வரவிருந்த விடுதலையை வந்துவிட்டதாகவே பாடினார். அவ்விடுதலையில் சாதியிழிவு நீங்குதலையும் சேர்த்தே பாடினார்.

ஏடுகளின் பெருமை மட்டும் கதவுகளைத் திறந்துவிடவில்லை. புறநானூறு அச்சேறி 45 ஆண்டுகள் கழிந்தபின், 1939இல்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது. அதற்கும் போராட்டமே தேவைப்பட்டது.

இன்று கீழடி மண் மீண்டும் நம் பழமையைப் பேசவைத்துள்ளது. 2015இல் அகழாய்வு தொடங்கிய அவ்வூரின் பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அப்பெயர்களைப் பாடப் புகும் கவிஞர்கள் தொன்மையின் ஆண்டுக்கணக்கோடு நின்றுவிடலாகாது. எவர் பெயரெல்லாம் அந்தத் தொன்மையில் இன்னும் எழுதப்படவில்லை என்பதையும் அவர்கள் வினவுதல் வேண்டும்.