பல்வேரில் ஒரு மலாயா மரம்

மலாயாத் தமிழர் வரலாற்றில் ‘பால்மரம்’ என்றால் ரப்பரே நினைவுக்கு வருகிறது. ரப்பர்க் கன்றுகள் 1877இல்தான் இத்தீபகற்பத்திற்கு வந்தன. அதற்கு முன்பே உலகச் சந்தையை எட்டிய பால்மரம் ஒன்று இங்கிருந்தது. அதன் தடம் இன்று பல் மருத்துவத்தில்தான் எஞ்சியுள்ளது.

செலாயாங்கில் வேர்ச் சிகிச்சை பெறும் ஒருவரின் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்வோம். மேலே எனாமல், அதனடியில் டென்டின், நடுவே நரம்பும் குருதிக்குழாயும் கொண்ட பற்கூழ். இக்கூழ் மெல்லிய குழல்களாக வேர்நுனி வரை இறங்குகிறது. மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லுக்குப் பொதுவாக வேர் மூன்று. குழலோ பெரும்பாலும் நான்கு. நான்காவதைத் தவறவிட்டால் நோய் மீளக்கூடும். அழுகிய கூழை அகற்றிக் குழலைத் தூய்மை செய்தபின் அதனை அடைக்க இன்றும் பெரிதும் பயன்படுவது கட்டபர்ச்சா. ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு மரப்பால் என்பது பொருள்.

இப்பாலைத் தருவது தபான் மரம். இலுப்பையும் மகிழும் இதன் குடும்பத்தவை. பல்லீறு நோய்க்கு மகிழம்பட்டையை நாடிய தமிழ் மருத்துவ மரபு இங்கு நினைவுக்கு வருகிறது. எனினும் இதனைத் தற்செயலான ஒற்றுமை என்பதற்கு மேல் நீட்டுதல் தகாது.

1843இல் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் அறிஞரின் கவனத்திற்கு வந்த இப்பொருள், வெந்நீரில் இளகும், ஆறியதும் இறுகும், கடல்நீரால் கெடாது. ஆகவே கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாயிற்று. 1870இல் சென்னையையும் பினாங்கையும் இணைத்த கம்பியும் அவ்வகையினதே. அமெரிக்கப் பல் மருத்துவர் போமன் 1867இல், பிடுங்கிய கடைவாய்ப்பல் ஒன்றின் வேர்க்குழலை இதனால் நிரப்பிக் காட்டினார்.

ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தனர். தபானை வெட்டி வீழ்த்தியே எடுத்தனர். ஒரு மரம் தந்த பாலோ சிறிதளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் எளிதில் எட்டக்கூடிய காடுகளில் முதிர்ந்த தபான் அரிதாயிற்று. செலாயாங்கை அடுத்த கெப்போங்கில் 1929இல் வன ஆய்வு நிலையம் நிறுவப்பட்டபோது அவ்வணிகத்தின் பொற்காலம் கடந்துவிட்டிருந்தது. பின்னர் வந்த பாலித்தீன் கம்பியுறையின் தேவையையும் நீக்கிற்று.

தபான் எடுத்தோர் பெரிதும் மலாய்க்காரரும் பழங்குடியினரும் ஆவர். இங்கு அது ரப்பரைப்போல் தோட்டங்களையோ தொழிலாளர் குடியிருப்புகளையோ உருவாக்கவில்லை. அதனாலேயே நம் வரலாற்று நூல்களிலும் அதற்கு இடமில்லை போலும். தோட்ட வரலாற்றையே நாட்டின் முழு வரலாறாகக் கற்பிக்கும் நம் வகுப்பறைப் பழக்கம் மறு ஆய்வுக்குரியது.

பல் மருத்துவர் கையாளும் மெல்லிய குச்சியிலும் இன்று கட்டபர்ச்சா ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சியது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு.