நோக்கியா காலத்து ஜாவாவும் ஒரு எண்ணின் எடையும்

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1-ல் நின்றுபோனது. அந்தக் காலத்து சீரிஸ் 40 போன்களில் கேம் எழுதணும்னா பெரும்பாலும் ஜாவா எம்.ஈ.தான். எண்களைச் சேர்த்து வைக்க அதில் வெக்டர், ஸ்டாக், ஹேஷ்டேபிள், அவ்வளவே. மூணும் ஆப்ஜெக்ட்டை மட்டும்தான் ஏத்துக்கும். வெறும் எண்ணை ‘இன்டிஜர்’ பெட்டிக்குள் வைத்துத்தான் தரணும்.

எண்ணுக்கு 4 பைட் போதும். 32-பிட் ஹாட்ஸ்பாட் கணக்கில் பெட்டிக்கு 16, அதைச் சுட்டும் முகவரிக்கு 4. ஆக, அரேயில் 4,000 பைட்டில் அடங்கும் ஆயிரம் எண்கள் வெக்டரில் 20,000 பைட்டைத் தாண்டும். (போனில் பெட்டியின் அளவு எந்திரத்துக்கு எந்திரம் மாறும், இலவசமா யாரும் தரல.) 2002 வாக்கில் வந்த சீரிஸ் 40 போன்களில் ஜாவாவுக்கு இருந்த ஹீப்பே சுமார் 200 கிலோபைட்தான். வேண்டாத பெட்டிகளைக் குப்பை அள்ளும்போது கேம் திக்கித் திக்கி நிக்கும்.

அதனால் பலர் வெக்டரை விட்டு இன்ட் அரேக்குப் போனாங்க. 2004-ல் ஜாவா 5 கொண்டுவந்த ஆட்டோபாக்ஸிங் பெட்டியைக் கண்ணிலிருந்து மறைத்தது, செலவைக் குறைக்கல. என் கணக்கில் அது பாதி உபகாரம்தான். ஆண்ட்ராய்டு முதல் பதிப்பிலேயே ஸ்பார்ஸ்அரே வந்ததும் இதே செலவுக்குப் பயந்துதான்: அதில் சாவி வெறும் இன்ட்.