விமானியின் தவறா, நெம்புகோலின் தவறா?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தட்டி விழுந்தன. இறக்கையிலுள்ள ஃபிளாப்பை மடக்க வேண்டிய விமானி, சக்கரங்களை மடக்கியிருப்பார். 'விமானியின் தவறு' என்பதுதான் அன்று வழக்கமான தீர்ப்பு. ரைட் ஃபீல்டு ஆய்வகத்தின் உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் அதை ஏற்கவில்லை. சி-47 விமானிகள் இப்படித் தடுமாறவில்லையே, ஏன் என்று பார்த்தார். பி-17இல் இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே மாதிரி, அருகருகே இருந்தன. சக்கரத்துக்கானதன் முனையில் சிறு சக்கரத்தையும் ஃபிளாப்புக்கானதன் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். இனி இருட்டிலும் விரலே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

நல்ல பயிற்சி இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 1947இல் ஆய்வாளர்கள் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் இதற்குப் பதில் தந்தார்கள். கட்டுப்பாடுகளைக் கையாள்வதில் விமானிகளுக்கு நேர்ந்த 460 தவறுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதி ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை இயக்கியவை. அனுபவசாலிகளும் அதற்கு விலக்கல்ல. பயிற்சி தவறைக் குறைக்கும். தவறுக்கு அழைக்கும் அமைப்பை அது மாற்றாது.

இந்தப் பாடம் ஆளில்லா விமானத்துக்கு வந்து சேரவில்லை. 2006 ஏப்ரலில் அரிசோனாவின் நோகாலெஸ் அருகே எல்லைக் காவலுக்கான பிரிடேட்டர் பி என்ற ஆளில்லா விமானம் விழுந்தது. தரைக் கட்டுப்பாட்டு அறையில் விமானியின் திரை உறைந்ததும், அவர் கேமரா இயக்குபவரின் மேசைக்குக் கட்டுப்பாட்டை மாற்றினார். அங்கே கேமராவின் ஒளித்துளையைச் சரிசெய்த அதே நெம்புகோல், அந்த நொடியே எரிபொருள் நெம்புகோலாக மாறியது. அது இருந்த நிலை எரிபொருளைத் துண்டிக்கும் நிலை, இன்ஜின் நின்றது. மாற்றும்முன் இரு மேசைகளின் நெம்புகோல்களும் ஒரே நிலையில் உள்ளனவா எனப் பார்க்கும்படி சரிபார்ப்புப் பட்டியல் சொல்லியிருந்தது, அவர் பார்க்கவில்லை என்பது உண்மை. விசாரணையும் அதைக் காரணமாகக் குறித்தது. ஆனால் திரை உறைந்து பதற்றம் கூடும் வேளையில்தான் மனிதர் ஒரு வரியைத் தவறவிடுவார். வானில் இருக்கும் விமானிக்கு இன்ஜின் ஓசை அடங்குவது காதில் விழும். தரையில் இருந்தவருக்கு உயரம் குறைவது தெரிந்தது, காரணம் தெரியவில்லை. உடல் உணர்வு இல்லாத இடத்தில் அமைப்பு இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரக் கட்டுப்பாட்டின் கைப்பிடி சக்கர வடிவில் இருக்க வேண்டும் என்பது இன்று அமெரிக்காவில் சட்ட விதி. தொலைவிலிருந்து இயக்கும் மேசைகளுக்கும் அதே கண்டிப்பு தேவை. தவறு யாருடையது என்று எழுதும்முன், அவர் கையில் எதைக் கொடுத்தோம் என்று விசாரிப்பதே நியாயம்.